உன் தங்கை போட வேண்டிய முடிச்சு

தம்பி,

நீ கேட்டதற்கு உறுதியான பதில் கிடைத்துவிட்டது. உன் கல்யாண மேளத்தைத் தங்கை மேனகா பதறாமல் கேட்கும்படி செய்கிற மாத்திரை எதுவும் இன்றைக்கு இல்லை. இதைச் சொன்னவர் கண்டியில் அவளைப் பல வருடங்களாகப் பார்த்துவரும் டொக்டரம்மா. நேற்று முற்பகல் கிளினிக்கில் நானும் உன் அம்மாவும் எதிரே உட்கார்ந்திருந்தபோது, நான் நேராகக் கேட்ட கேள்விக்கு அவர் நேராகச் சொன்ன பதில் இது. வேறு விதமாக விளங்கிக்கொள்ள இடமிருக்கிறதா என்று மறுபடியும் கேட்டேன். இல்லை என்றார். பத்திரிகைக்கு எழுதியிருந்தால் செய்தி இத்துடன் முடிந்திருக்கும். உனக்கு எழுதுவதால் மிச்சத்தையும் எழுத வேண்டியிருக்கிறது. போனில் சொல்லலாம்தான். ஆனால் நீ பாதியில் "சரிப்பா, சரிப்பா" என்று ஆரம்பித்துவிடுவாய். எனக்கும் இப்போதெல்லாம் ஒரு விஷயத்தை முழுதாகப் பேசி முடிப்பதற்குள் களைத்துவிடுகிறது. எழுதினால் நடுவில் நிறுத்தி மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

நீ கொழும்பிலிருந்து அனுப்பிய கட்டுரையை அச்செடுத்துக் கையில் கொண்டுபோயிருந்தேன். அதன் தலைப்பு மேனகாவுக்கு இருக்கிற ஓட்டிசத்துக்கான காரணத்தைக் கண்டுபிடித்துவிட்டதாகச் சொல்லியது. கீழே இருந்த உன் குறிப்பையும் டொக்டரம்மாவிடம் மறைக்காமல் சொன்னேன். தாலி ஏறும்போது மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட, அடுத்த இரண்டு முடிச்சையும் பெண்ணுக்குப் பின்னால் நின்று மாப்பிள்ளையின் தங்கை போடுவது நம்மில் வழக்கம். அதே நொடியில்தான் கெட்டி மேளம் அடிப்பார்கள். மருந்து கிடைத்தால் மேனகா போடட்டும், கிடைக்காவிட்டால் சித்தப்பா மகள் பிரியா போடட்டும், மேனகாவை அன்றைக்குத் தலவாக்கலையில் மாமா வீட்டில் விட்டுவிடுவோம் என்று எழுதியிருந்தாய். கெட்ட எண்ணத்தில் நீ எழுதவில்லை என்று எனக்குத் தெரியும். அம்மாவுக்கும் தெரியும். ஆனாலும் அந்தக் குறிப்பைப் படித்த அன்றைக்கு அம்மா அடுப்படியை விட்டு வெளியே வரவில்லை.

டொக்டரம்மா யாழ்ப்பாணத்துக்காரர். கட்டுரையை முழுக்கப் படித்துவிட்டுத்தான் பேசினார். "இதைப் பிழையெண்டு சொல்ல மாட்டன்" என்றார். "ஆனா இதில 'இருக்கலாம்' எண்டு எழுதின இடமெல்லாம் உங்கட மகன் 'இருக்கு' எண்டு வாசிச்சிருக்கிறார்." இந்தக் குற்றச்சாட்டைப் பத்திரிகை வேலையில் நான் செய்தி ஆசிரியர்களிடமிருந்து பலமுறை கேட்டிருக்கிறேன், அதனால் கோபம் வரவில்லை. பிறகு அவர் விளக்கினார். மூளைக்குள் இரண்டு விதமான பேச்சு நடக்கிறதாம். ஒன்று 'எழும்பு' என்கிற பேச்சு. மற்றது 'பொறு' என்கிற பேச்சு. மூளையின் ஒரு கலம், அதாவது செல், அடுத்த கலத்தைப் பொறு என்று அடக்குவதற்குப் பயன்படும் முக்கியமான இரசாயனம்தான் கட்டுரையில் வருகிற காபா. ஓட்டிசம் உள்ளவர்களில் சிலருக்காவது இந்தப் பொறு என்கிற பேச்சு பலவீனமாகவோ தாறுமாறாகவோ இருக்கலாம் என்று நீண்ட காலமாக நினைக்கிறார்கள். சாதாரணமாக நம் காதில் விழுகிற சத்தத்தில் பெரும்பகுதியை மூளையே தணித்துவிடுகிறது. அந்தத் தணிப்பு இல்லாவிட்டால் எல்லாச் சத்தமும் ஒரே பலத்தில் உள்ளே வரும்.

எனக்கு அப்போது தேயிலைத் தோட்டத்தில் ஆள் எண்ணி வேலை பிரிக்கிற பெரட்டுக் களம்தான் ஞாபகம் வந்தது. நீ அதைப் பார்த்து வளரவில்லை. நான் தோட்டத்து லயத்து வரிசை வீட்டில் பிறந்தவன். காலையில் ஆட்கள் எல்லாரும் கூடி நிற்பார்கள், ஆளுக்கொரு கதை பேசுவார்கள். கணக்கப்பிள்ளை ஒரு அதட்டுப் போட்டால் அடங்கும், அதன் பிறகுதான் யாருக்கு எந்த மலையில் வேலை என்பது காதில் விழும். அதட்டுவதற்கு ஆள் இல்லாத பெரட்டில் உன் பெயரைக் கூப்பிட்டாலும் உனக்குக் கேட்காது. மேனகாவின் தலைக்குள் நாள் முழுவதும் அப்படி ஒரு களம் என்றால் அவள் பின்னேரத்தில் சாக்குப் போல விழுந்து தூங்குவதில் ஆச்சரியமில்லை. இதை டொக்டரம்மாவிடம் சொன்னேன். அவர் சிரித்தார். ஆனால் உடனே திருத்தினார். "உதாரணம் நல்லாத்தான் இருக்கு. ஆனா மேனகாவின்ர தலைக்குள்ள அப்பிடித்தான் நடக்குதெண்டு நான் சொல்லேல்லை, எழுதிப்போடாதேங்கோ. எலிகளில வடிவாத் தெரியுது. ஆக்களில அளந்து பாத்தால் சிலரில வித்தியாசம் இருக்கு, சிலரில இல்லை. இவவுக்கு அளக்கிறதுக்கு எங்களிட்ட வசதியும் இல்லை. அளந்தாலும் அதை வச்சு ஒராளுக்கு மருந்து எழுதுற கட்டத்துக்கு உலகம் இன்னும் வரேல்லை."

மருந்து முயற்சிகளைப் பற்றியும் கேட்டேன். சிறுநீர் போவதற்குக் கொடுக்கிற ஒரு பழைய மாத்திரை இந்தப் பொறு என்கிற பேச்சைச் சரிசெய்யும் என்று பெரிய நம்பிக்கை இருந்ததாம். சிறிய அளவில் கொடுத்துப் பார்த்தபோது நன்றாகத் தெரிந்தது, நிறையப் பிள்ளைகளுக்குக் கொடுத்துப் பார்த்தபோது எதிர்பார்த்த பலன் வரவில்லை. அதற்கு அடிப்படையாக இருந்த எண்ணம் எனக்குப் புதிதாக இருந்தது. வயிற்றுப் பிள்ளையின் மூளையில் இதே காபா அடக்குவதில்லையாம், எழுப்பத்தான் செய்யுமாம். பிறப்பை ஒட்டித்தான் அது அடக்குகிற வேலைக்கு மாறுகிறது என்று மிருகங்களில் கண்டிருக்கிறார்கள். சிலருக்கு அந்த மாற்றம் சரியாக நடப்பதில்லையோ என்பது கேள்வி. இதைக் கேட்டதும் அம்மா முந்தானையைப் பிடித்துக்கொண்டு, "அப்ப புள்ள வயித்துல இருக்கறப்ப நான் ஏதாச்சும் தின்னக்கூடாதத தின்னுட்டேனாங்க டொக்டர்?" என்றாள். டொக்டரம்மா எழுதிக்கொண்டிருந்ததை நிறுத்தினார். "இல்லையம்மா. போன முறையும் இதைத்தான் கேட்டனீங்கள். அடுத்த முறையும் கேளுங்கோ. அப்பவும் இல்லையெண்டுதான் சொல்லுவன்."

கடைசியாக, கல்யாணத்தன்றைக்கு மட்டும் மயக்கமாக இருக்க ஏதாவது கொடுக்கலாமா என்று உன் சார்பில் கேட்டேன். கொடுக்க முடியும் என்றார். தூக்க மாத்திரைகளில் பல, இந்தப் பொறு என்கிற பேச்சைத்தான் கூட்டுகின்றன. ஆனால் அவை காதுக்கு மட்டும் கூட்டுவதில்லை, மூளை முழுவதற்கும் கூட்டிவிடும். கை நிதானம் இருக்காது, சிலருக்கு அது நேர்மாறாக வேலை செய்து இன்னும் பதற்றத்தைக் கொடுக்கும். "தாலி கட்டேக்க பிள்ளை நித்திரை தூங்கிக்கொண்டு நிண்டால், அவ கலியாணத்துக்கு வந்தவவோ வரேல்லையோ?" என்று என்னைக் கேட்டார். அந்தக் கேள்வியை உன்னிடம் அப்படியே ஒப்படைக்கிறேன். எழுந்து வரும்போது அவர் இன்னொன்று சொன்னார். இப்படியான பிள்ளைகளில் சிலருக்குச் சத்தத்தின் பலத்தைவிட, அது எப்போது வரும் என்று தெரியாமல் இருப்பதுதான் கூடத் தொல்லை. மேனகாவிடம் கேட்டுப் பார்த்தீர்களா என்றார். நாங்கள் கேட்டிருக்கவில்லை.

நீ எதற்குப் பயப்படுகிறாய் என்பது எனக்கு விளங்காமல் இல்லை. தலவாக்கலைப் பக்கம் மாமாவின் தோட்டத்தில் அந்த மாரியம்மன் திருவிழாவில் நீயும் நின்றாய். மேனகா அப்போதுதான் பெரிய பிள்ளை ஆகியிருந்தாள். கரகம் வந்து லயத்து முன்னால் நின்றது, தப்பு அடிப்பவர்கள் வட்டம் கட்டினார்கள். அவள் இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டு நடுங்க ஆரம்பித்தாள். தலை ஆடியது, கூந்தல் அவிழ்ந்துவிட்டது. யாரோ ஒரு பொம்பளை "ஆத்தா வந்துட்டா!" என்று கத்தினாள். அவ்வளவுதான். அருள் வந்தவரைச் சுற்றி என்ன செய்வார்களோ அதைச் செய்தார்கள். அருள் முழுசாக இறங்க வேண்டும் என்று தப்பு அவள் காதருகே வந்தது, அடி கூடியது. வேப்பிலையைக் கையில் திணித்தார்கள். அவள் "போதும், போதும்" என்று அழுதாள். "ஆத்தா போதும்ங்கிறா! என்ன போதும்னு கேளுங்க!" என்று ஒருவர் கையெடுத்துக் கும்பிட்டார். இன்னொருவர், "மழ போதும்ங்கிறாளோ?" என்றார். பக்கத்தில் இருந்தவர், "எங்கடா மழ பேஞ்சுச்சு, போதும்ங்கிறதுக்கு? குடிச்சது போதும்ன்னு ஒன்னத்தான் சொல்றா!" என்று அவரை மடக்கினார். சனம் சிரித்தது. அந்தச் சிரிப்புக்கும் தப்புக்கும் நடுவில் உன் தங்கை நின்றாள். நீ அவளுடைய செருப்புகளைக் கையில் பிடித்துக்கொண்டு கூட்டத்துக்கு வெளியே நின்றாய். அம்மாதான் இடித்துக்கொண்டு உள்ளே போனாள். "அது ஆத்தா இல்ல, எம் புள்ள! அடிக்கிறத நிறுத்துங்கடா!" என்று அவள் போட்ட சத்தத்தில் தப்பு நின்றது.

அவர்கள் கெட்டவர்கள் இல்லை, தம்பி. பக்தியோடுதான் செய்தார்கள். தெரிந்த ஒரு விளக்கம் கையில் இருக்கும்போது அதைத் தாண்டி யாரும் தேடுவதில்லை. அவர்கள் அவளிடம் சாமியைக் கண்டார்கள். இப்போது நீ கட்டுரையில் காபாவைக் கண்டிருக்கிறாய். உன் விளக்கம் அவர்களுடையதைவிட உண்மைக்கு மிகவும் பக்கத்தில் இருக்கிறது. அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனாலும் இரண்டு இடத்திலும் அவளிடம் யாரும் எதுவும் கேட்கவில்லை.

எங்களுக்குப் பிறகு இந்த வேலை உன்னிடம் வரும். இதைச் சொல்ல எனக்குச் சங்கடம்தான், ஆனால் சொல்லாமல் விட என் முழங்கால் இடம் கொடுக்கவில்லை. கண்டி பஸ்ஸில் ஏறி இறங்குவதற்குள் நேற்று இரண்டு பேர் கை கொடுத்துத் தூக்க வேண்டியிருந்தது. மருந்து வந்துவிட்டது, காரணம் தெரிந்துவிட்டது என்று செய்தி வந்துகொண்டே இருக்கும். ஒருநாள் அது உண்மையாகவும் இருக்கும். ஆகவே எல்லாவற்றையும் தள்ளிவிடாதே. தலைப்பைப் படித்தவுடன் யார் சொன்னது என்று பார், யாரை வைத்துப் பார்த்தார்கள் என்று பார், எலியா ஆளா என்று பார். எத்தனை பேருக்குக் கொடுத்தார்கள், வேறு யாராவது அதையே செய்து பார்த்து அதே பலனைக் கண்டார்களா என்று கேள். அதன் பிறகு டொக்டரிடம் போ. கடைசியில் மேனகாவிடம் போகாதே. முதலில் அவளிடம் போ. எங்களுக்கு இந்த வரிசை நேற்றுத்தான் பிடிபட்டது.

நேற்றுப் பின்னேரம் நாங்கள் வீடு வந்தபோது அவள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவுகிற சத்தம் எனக்கே பல்லைக் கூசவைக்கும். அவளுக்கு அது ஒன்றும் செய்வதில்லை. பக்கத்து வீட்டு மோட்டார் சைக்கிள் திடீரென்று முறுக்கினால் மட்டும் அலறிப் போவாள். நான் முகம் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்து, "அண்ணன் கல்யாணத்துல மேளம் அடிப்பாங்க, தெரியுமில்ல?" என்றேன். தெரியும் என்று தலையாட்டினாள். துருவுவதை நிறுத்தாமலே கேட்டாள்.

"எப்ப அடிப்பாங்க?"

"தாலி கட்டுறப்ப."

"எப்ப கட்டுவாங்க?"

"ஐயர் கையத் தூக்குனதும்."

"ஐயர் எப்ப கையத் தூக்குவாரு?"

"அது... மந்திரம் சொல்லி முடிஞ்சதும். நேரம் பாத்துத் தூக்குவாரு."

"அதான்" என்றாள். இவ்வளவு வருடம் பேட்டி எடுத்தவன் நான். ஒருவர் விஷயத்தைச் சொல்லிவிட்டார் என்றால் எனக்குத் தெரியும்.

என் போனில் ஒரு கல்யாண வீடியோ இருந்தது. அதில் கெட்டி மேளம் வருகிற இடத்தை எடுத்து அவளிடம் கொடுத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று காட்டினேன். முதலில் சத்தத்தை ஒன்றுமில்லாமல் வைத்து அமுக்கினாள். உடனே நிறுத்தினாள். மறுபடி அமுக்கினாள். சத்தத்தைக் கொஞ்சம் கூட்டினாள். முகம் சுருங்கியது, ஆனால் கை காதுக்குப் போகவில்லை. இன்னும் கூட்டினாள். கூட்டக் கூட்ட அவளுக்கு அது ஒரு வேலை போல ஆகிவிட்டது. தவில் வெடிப்பதற்கு முன்னால் மூச்சைப் பிடித்துக்கொள்கிறாள், வெடித்ததும் விடுகிறாள். கடைசியில் அம்மாதான் உள்ளேயிருந்து ஓடிவந்தாள். "ஏடி, காது கிழியுதுடி! கொறைடி கொஞ்சம்! அக்கம்பக்கத்துல என்னமோ ஏதோன்னு வரப்போறாங்க!" மேனகா நிறுத்திவிட்டு, "அம்மாவுக்கு மேளம் ஆகாது" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். எனக்குத்தான் சிரிப்பு வந்தது. பிறகு நான் ஒருமுறை அவளுக்குத் தெரியாமல் அமுக்கிப் பார்த்தேன். குறைந்த சத்தம்தான். அவள் துள்ளி எழுந்து, சுவரோரம் போய்க் காதைப் பொத்திக்கொண்டு நின்றாள். அதன் பிறகு போனைத் தரமாட்டேன் என்றுவிட்டாள்.

இது வைத்தியம் அல்ல. இதற்கும் காபாவுக்கும் என்ன தொடர்பு என்று எனக்குத் தெரியாது, டொக்டரம்மாவிடமும் இன்னும் சொல்லவில்லை. ஒரு பின்னேரம் என் வீட்டு அடுப்படியில் நான் கண்டது இவ்வளவுதான். மண்டபத்தில் சனமும் வெளிச்சமும் புகையும் இருக்கும், அது வேறு. காதில் பஞ்சு வைக்கலாமே என்று நீ கேட்பாய். காதில் எதை வைத்தாலும் அவள் உடனே பிடுங்கி எறிவாள் என்பது உனக்குத் தெரிந்ததுதான்.

இன்று காலை மேளக்காரரை ஹட்டன் பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிடித்தேன். கெட்டி மேளத்துக்கான சைகையை ஐயருக்குப் பதிலாக மேனகா கொடுக்கட்டும், ஐயர் அவளிடம் மெதுவாகச் சொல்லிவிடுவார், அவள் தயாரானதும் கையைத் தூக்குவாள், பிறகு அடியுங்கள் என்றேன். அவர் பிளேன்ரீக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டார். "பேப்பர் ஐயா, ஐயர் கையத் தூக்குவாரு, நாங்க அடிப்போம். எங்கப்பா காலத்துலருந்து அப்பிடித்தான். நடுவுல இதென்னா புதுசா?" என்றார். கெட்டி மேளம் எதற்காக என்பதையும் எனக்கு எடுத்துச் சொன்னார். அந்த நேரத்தில் தும்மல், அழுகை, தப்பான வார்த்தை எதுவும் யார் காதிலும் விழக்கூடாது, அதை மூடத்தான் அந்த அடி. "அப்பிடின்னா ஒங்க அடியாலதான் எம் புள்ள அழுவும், அந்த அழுகைய மூட நீங்க இன்னும் பலமா அடிப்பீங்க. நல்லாருக்கா?" என்றேன். அவர் கோப்பையை மறுபடி எடுத்து ஒரு வாய் குடித்தார். பிறகு உண்மையான தடையைச் சொன்னார். "சரிங்கய்யா. அது கையத் தூக்காம நின்னுருச்சுன்னா? முகூர்த்தம் நிக்குமா?" ஐயரிடம் பேசிவிட்டுச் சொல்வதாகப் போயிருக்கிறார்.

வலப்பனையில் பெண் வீட்டாருடனும் போனில் பேசினேன். சம்பந்தி, "ஊரு என்ன பேசும்ங்க?" என்பதற்கு மேல் போகவில்லை. ஆனால் உனக்கு வரப்போகிறவள் தர்ஷினி போனை வாங்கி, "மாமா, அவங்க எனக்குப் பின்னாடிதான நிக்கப்போறாங்க? கை நடுங்குனா பரவால்ல. நான் முடியத் தூக்கிப் புடிச்சிக்கிறேன், அவங்க மெதுவாப் போடட்டும்" என்றாள். நீ யாரைக் கட்டப்போகிறாய் என்பதைப் பற்றி எனக்கிருந்த சில்லறைக் கவலைகள் அத்துடன் தீர்ந்தன.

இனி நிலுவையில் இருப்பவை. மூளையின் அந்தப் பொறு என்கிற பேச்சைப் பற்றி உறுதியான முடிவு எப்போது வரும் என்று டொக்டரம்மாவிடம் கேட்டதற்கு, தேதி சொல்லக்கூடிய ஆள் யாரும் இல்லை என்றார். மேளக்காரர் வலப்பனைக் கோயில் வேலை முடிந்து புதன்கிழமை திரும்புகிறார், வியாழக்கிழமை சொல்வார். சம்பந்தி வீட்டார் நாத்தனாருக்குச் சேலை எடுக்க ஞாயிற்றுக்கிழமை நுவரெலியா போகிறார்கள். மேனகாவுக்கா பிரியாவுக்கா என்று அதற்கு முன் சொல்ல வேண்டும். மேனகாவுக்கென்றால் கழுத்தில் உரசாத நூல் சேலைதான் சரிவரும், அதைத் தேட அவர்களுக்கு நேரம் வேண்டும்.

மேனகா முடிச்சுப் போடுவாளா என்பதும் இன்னும் உறுதியாகவில்லை. இன்று மத்தியானம் அவளிடம் நேராகவே கேட்டேன். நீ போடுறியா, இல்ல மாமா வீட்டுல இருக்கியா, எதுன்னாலும் சரி, நீயே சொல்லு என்றேன். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள்.

"அண்ணன் இன்னும் கேக்கல" என்றாள்.

ஆகவே அவளுடைய பதில் நீ கேட்ட பிறகுதான் கிடைக்கும். சனிக்கிழமைப் பகல் கோச்சியில் வருவதாகச் சொல்லியிருந்தாய். ரயில் வழக்கமான தாமதத்துடன் வந்தாலும் பொழுது சாய்வதற்குள் நீ வீட்டில் இருப்பாய்.

அப்பா